தரைபாவுமை கற்பித்தல்

தரைபாவுமை கற்பித்தல் என்பது, ஒரே வடிவத்தையோ சில வடிவங்களையோ திரும்பத் திரும்ப அடுக்கித் தளம் ஒன்றை நிரப்பும் முறையை, கணிதமும் ஓவியமும் இணைந்த பாடமாக வகுப்பறையில் கற்பிப்பதாகும். அடுக்கப்படும் வடிவங்களுக்கிடையே இடைவெளி இருத்தல் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று படிதலும் கூடாது. வீட்டுத் தரையில் பதித்த ஓடுகள், தேனடை, செங்கற்சுவர், புள்ளிக்கோலம் ஆகியவை மாணவர்கள் நாள்தோறும் காணும் எடுத்துக்காட்டுகள் ஆகும். அழகான வடிவம் வரைவதோடு நின்றுவிடாமல், ஒரு வடிவம் ஏன் தளத்தை நிரப்புகிறது, வேறொன்று ஏன் நிரப்புவதில்லை என்பதற்குக் காரணம் கூறக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். இதுபோன்ற ஓர் ஊரில் இப்பாடத்தைத் தாளோடு நிறுத்தாமல் களிமண் வரை கொண்டு செல்லலாம். தாளில் வெட்டிய ஓடு தன் அளவை மாற்றுவதில்லை. களிமண் ஓடோ உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்குகிறது. அச்சுருக்கத்தில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்ற வினா தரைபாவுமையின் கணித அடிப்படையை வெளிப்படுத்துகிறது.

சொல்லும் வரைவிலக்கணமும்

கல்லையோ ஓட்டையோ தரையில் பரப்பிப் பதித்தலைப் பாவுதல் என்பது தமிழ் வழக்கு. அதிலிருந்து தரைபாவுமை என்னும் கலைச்சொல் உருவானது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் டெசலேசன் என்னும் சொல், சிறு சதுரக் கல்லைக் குறிக்கும் டெசெல்லா என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. உரோமானியர்கள் இத்தகைய சிறு கற்களைப் பதித்துத் தரைகளில் சித்திரங்களை அமைத்தனர்.

கணிதத்தில் தரைபாவுமை முடிவிலாத் தளம் முழுவதையும் நிரப்ப வேண்டும். ஒரு தாளின் பரப்பையோ ஓர் அறையின் தரையையோ நிரப்புவது மட்டும் போதாது. எல்லாத் திசைகளிலும் அடுக்கைத் தொடர முடியும் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

கோணக் கணக்கு

ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை ஆகும். ஓடுகளின் உச்சிகள் ஒரு புள்ளியில் கூடும்போது, அவற்றின் கோணங்கள் சேர்ந்து சரியாக 360 பாகையாக வேண்டும். குறைந்தால் இடைவெளி விழும்; கூடினால் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒழுங்கு பல்கோணங்களுக்கு இவ்விதியைப் பயன்படுத்தினால் பின்வரும் முடிவுகள் கிடைக்கின்றன.

- சமபக்க முக்கோணம்: உட்கோணம் 60 பாகை, ஆறு முக்கோணங்கள் ஒரு புள்ளியில் கூடும்.
- சதுரம்: உட்கோணம் 90 பாகை, நான்கு சதுரங்கள் கூடும்.
- ஒழுங்கு ஐங்கோணம்: உட்கோணம் 108 பாகை, மூன்று சேர்ந்தால் 324 பாகை. 36 பாகை இடைவெளி எஞ்சும்.
- ஒழுங்கு அறுகோணம்: உட்கோணம் 120 பாகை, மூன்று அறுகோணங்கள் கூடும்.
- ஒழுங்கு எண்கோணம்: உட்கோணம் 135 பாகை, இரண்டு சேர்ந்தால் 270 பாகை. 90 பாகை இடைவெளி எஞ்சும்.

அறுகோணத்துக்கு மேற்பட்ட ஒழுங்கு பல்கோணங்கள் ஒவ்வொன்றின் உட்கோணமும் 120 பாகையைவிடப் பெரிது. ஆகவே ஒரே புள்ளியில் மூன்று கூட முடியாது. எனவே ஒரே வகை ஒழுங்கு பல்கோணத்தால், பக்கத்தோடு பக்கம் பொருந்துமாறு அமையும் தரைபாவுமைகள் மூன்று மட்டுமே.

எண்கோணம் விட்ட 90 பாகை இடைவெளியில் ஒரு சதுரம் சரியாகப் பொருந்துகிறது. எண்கோணமும் சதுரமும் கலந்த தரை இவ்வாறு உருவாகிறது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ ஆன ஒழுங்கு பல்கோணங்களைக் கொண்டு, எல்லா உச்சிகளும் ஒரே அமைப்பில் இருக்குமாறு செய்யும் இத்தகைய அரைஒழுங்குத் தரைபாவுமைகள் எட்டு உள்ளன. யோகன்னசு கெப்லர் 1619 இல் வெளியிட்ட தமது நூலில் இவற்றை முறைப்படி ஆராய்ந்தார்.

ஒழுங்கற்ற வடிவங்களில் மாணவர்களுக்குப் பெரிதும் வியப்பளிப்பது நாற்கரம். எந்த நாற்கரமும், உள்வளைந்த நாற்கரம் உட்பட, தளத்தை நிரப்பும். நாற்கரத்தின் நான்கு கோணங்களும் சேர்ந்து 360 பாகை ஆவதே இதற்குக் காரணம். நாற்கரத்தை அதன் ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைப் பற்றி 180 பாகை சுழற்றி அடுத்த ஓட்டை வைத்தால், ஒவ்வோர் உச்சியிலும் நான்கு வெவ்வேறு கோணங்களும் ஒவ்வொரு முறை வந்து கூடும். பழைய அட்டையில் ஒழுங்கற்ற நாற்கரங்களை வெட்டி, கோணங்களுக்கு அ, ஆ, இ, ஈ எனப் பெயரிட்டு அடுக்கினால் மாணவர்கள் இதனைத் தாமே கண்டறிவர்.

ஓவியத்தின் பங்கு

ஓவியம் இப்பாடத்தில் அலங்காரத்துக்காக மட்டும் சேர்க்கப்படுவது அன்று. ஒரு வடிவத்தை நகர்த்துதல், சுழற்றுதல், எதிரொளித்தல் ஆகியவற்றைக் கை பழகுவதற்கு ஓவியமே வழி.

நெதர்லாந்து ஓவியர் மௌ. கொ. எசர் எசுப்பானியாவின் கிரனாடா நகரிலுள்ள அல்அம்பிரா அரண்மனையை 1922 இலும் 1936 இலும் பார்வையிட்டார். அங்குள்ள ஓட்டு அலங்காரங்களைப் படியெடுத்துப் பயின்ற பின், பறவை, மீன், பல்லி முதலிய உருவங்களால் தளத்தை நிரப்பும் ஓவியங்களை ஏராளமாக வரைந்தார். ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்ப அமைத்துத் தளத்தை நிரப்பும் சமச்சீர் முறைகள் 17 மட்டுமே என்பதை உருசியப் படிகவியலாளர் பியோதரவ் 1891 இல் நிறுவியிருந்தார். ஜார்ஜ் போல்யா 1924 இல் இவற்றைப் படங்களுடன் மீண்டும் விளக்கினார். அக்கட்டுரையை எசர் 1937 அளவில் அறிந்து, அதன் படங்களைக் கொண்டு பயின்றார்.

எசரின் முறையை வகுப்பறைக்கு ஏற்ப எளிமையாக்கிப் பின்வருமாறு செய்யலாம்.

1. தடித்த அட்டையில் 6 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வெட்டுக.
2. இடப்பக்கத்தில் ஒரு வளைகோடு வரைந்து, அத்துண்டை வெட்டியெடுத்து, திருப்பாமல் நேராக வலப்பக்கத்துக்கு நகர்த்தி ஒட்டுக.
3. மேற்பக்கத்தில் வெட்டிய துண்டை அவ்வாறே கீழ்ப்பக்கத்துக்கு நகர்த்தி ஒட்டுக.
4. கிடைத்த அச்சைத் தாளில் வைத்து வரைந்து, 6 செ.மீ. நகர்த்தி மீண்டும் வரைக.
5. உருவம் எதனை ஒத்திருக்கிறது என்று பார்த்துக் கண், இறகு, செதில் முதலியவற்றைச் சேர்க்க.

புதிய வடிவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதன் பரப்பளவு 36 ச.செ.மீ. தான். ஓரிடத்தில் எடுத்தது மற்றோரிடத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. இதனை மாணவர்கள் முன்கூட்டியே ஊகித்துக் கூறுமாறு கேட்பது, ஓவியப் பயிற்சியைக் கணிதப் பயிற்சியாக மாற்றுகிறது.

கோலமும் புள்ளித்தளமும்

தமிழ் மாணவர்களுக்குத் தரைபாவுமையின் இரு அடிப்படைக் கட்டங்கள் கோலத்தின் வழியே முன்னரே பழக்கமானவை. நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைகின்றன. அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்தால் சதுரங்கள் உருவாகும். ஊடுபுள்ளி அல்லது இடைப்புள்ளிக் கோலத்தில், ஒரு வரிசையின் புள்ளிகள் முந்தைய வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அமைகின்றன. அவற்றை இணைத்தால் முக்கோணங்களும், ஆறு முக்கோணங்கள் சேர்ந்த அறுகோணங்களும் உருவாகும்.

எடுத்துக்காட்டாக, 7 புள்ளியில் தொடங்கி 4 புள்ளியில் முடியும் இடைப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசையில் 7 புள்ளிகளும், அதன் இருபுறமும் 6, 5, 4 எனக் குறையும் வரிசைகளும் உள்ளன. மொத்தம் 37 புள்ளிகள். இவை ஓர் அறுகோணமாக அமைகின்றன. அதனுள் 54 சிறு முக்கோணங்கள் அடங்கும். இம்முக்கோணங்கள் சமபக்கமாக அமைய, வரிசைகளுக்கிடையே உள்ள தூரம் புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தில் ஏறத்தாழ 0.87 பங்காக இருக்க வேண்டும். கோலம் போடுபவர் இதனைக் கண்ணளவாலேயே அமைத்துவிடுகிறார்.

கோலங்களின் கணித அமைப்பைத் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரித்திவாசனும் ஆராய்ந்தனர். கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றி இம்மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1974 இல் வெளியானது. கணினியியலில் கோலம் பற்றிய ஆய்வுகளுக்கு அது முன்னோடிகளுள் ஒன்று.

கல்வியியல் பின்னணி

தரை ஓடுகளைக் கொண்டு வடிவவியல் கற்பிக்கும் முறைக்கு முறையான ஆய்வுப் பின்னணி உண்டு. நெதர்லாந்து ஆசிரியர்களான தீனா வான் ஈலி, பியர் வான் ஈலி என்னும் தம்பதியர் 1957 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேடுகளை அளித்தனர். தீனா தமது வகுப்பில் 12 வயதை ஒட்டிய மாணவர்களுக்கு நடைபாதைக் கற்களையும் ஓடுகளையும் கொண்டு வடிவவியல் கற்பித்து, அவர்களின் சிந்தனை வளர்ச்சியைப் பதிவு செய்தார்.

வடிவவியல் அறிவு படிநிலைகளாக வளர்கிறது என்பது இவர்களின் கருத்து. முதல் நிலையில் மாணவர் வடிவத்தைத் தோற்றத்தால் அடையாளம் காண்கிறார். அடுத்து அதன் பண்புகளைக் கூறுகிறார். அதன்பின் ஒரு பண்பிலிருந்து இன்னொன்று எவ்வாறு பெறப்படுகிறது என்று தருக்க முறையில் சிந்திக்கிறார். தரைபாவுமையில் இந்நிலைகள் தெளிவாகத் தெரிகின்றன. "அறுகோணம் பொருந்துகிறது" என்பது முதல் நிலை. "அதன் கோணம் 120 பாகை" என்பது இரண்டாம் நிலை. "மூன்று 120 பாகைகள் சேர்ந்து 360 பாகை ஆவதால் பொருந்துகிறது, ஆகவே 108 பாகைக் கோணமுடைய ஒழுங்கு ஐங்கோணம் பொருந்தாது" என்பது அதற்கடுத்த நிலை.

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கலைக்கல்வியைப் பள்ளிப் பாடங்களோடு இணைக்குமாறு வலியுறுத்தியது. அதனைத் தொடர்ந்து தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2007 இல் வெளியிட்ட நான்காம் வகுப்புக் கணித நூலின் முதல் பாடம், செங்கல் அடுக்குகளையும் அவற்றால் உருவாகும் தரை, சுவர் வடிவங்களையும் பற்றியதாக அமைந்தது.

விருத்தாசலமும் களிமண் ஓடுகளும்

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். பழமலைநாதர் கோயிலாலும் தொடர்வண்டிச் சந்திப்பாலும் அறியப்படும் இவ்வூரில், பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்வி நிறுவனமும் அமைந்தன. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்படுகைகளிலிருந்து பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண் கிடைக்கிறது. மின் உருகிகளைத் தாங்கும் பீங்கான் பாகங்கள், பொம்மைகள், அகல்விளக்குகள் முதலியவை இங்கு செய்யப்படுகின்றன. அச்சு, சூளை, களிமண் ஆகிய சொற்கள் அன்றாடப் பேச்சில் வழங்கும் இவ்வூர்ப் பள்ளிகளுக்குத் தரைபாவுமையைக் களிமண்ணில் செய்து பார்ப்பது இயல்பாகப் பொருந்தும்.

செய்முறை எளியது. ஒரே தடிமனுள்ள இரு சட்டங்களுக்கிடையே, துணியின் மேல் களிமண்ணை வைத்து உருளையால் தட்டையாக்க வேண்டும். அட்டை அச்சை வைத்து அறுகோணங்களையோ எசர் முறை வடிவங்களையோ வெட்ட வேண்டும். வெட்டிய ஓடுகளை நிழலில் மெதுவாக உலர்த்தி, இடையிடையே திருப்பி வைக்க வேண்டும். ஒருபுறம் விரைந்து உலர்ந்தால் ஓரங்கள் மேலெழுந்து ஓடு வளைந்துவிடும். முற்றும் உலராத ஓட்டைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ஓடு வெடிக்கக்கூடும். சூளையைப் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும். உலர்ந்த களிமண்ணைத் தேய்த்தால் எழும் தூசியில் சிலிக்கா இருப்பதால் அது நுரையீரலுக்குத் தீங்கானது. மேசைகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சுருக்கக் கணக்கு

உலரும்போது களிமண்ணிலுள்ள நீர் வெளியேறித் துகள்கள் நெருங்குவதால் ஓடு சுருங்குகிறது. சூளையில் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்வதால் மீண்டும் சுருங்குகிறது. சுருக்கத்தின் அளவு களிமண்ணையும் வெப்பநிலையையும் பொறுத்தது. மாணவர்கள் வெட்டியவுடன், உலர்ந்தபின், சுட்டபின் என மூன்று முறை அளந்து அட்டவணையிட வேண்டும்.

உலரும்போது 6 விழுக்காடும் சுடும்போது 5 விழுக்காடும் சுருங்குவதாகக் கொண்டால், மொத்தச் சுருக்கம் 11 விழுக்காடு என்று பலரும் கூறுவர். இரண்டாம் சுருக்கம் ஏற்கனவே சுருங்கிய ஓட்டின் மீது நிகழ்வதால் 0.94 ஐ 0.95 ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 0.893. அதாவது மொத்தச் சுருக்கம் 10.7 விழுக்காடு.

அடுத்த தவறு இதனினும் பரவலானது. மொத்தச் சுருக்கம் 10 விழுக்காடு எனில், 100 மி.மீ. ஓடு வேண்டுமானால் 110 மி.மீ. அச்சு போதும் என்று தோன்றும். 110 இன் 90 விழுக்காடு 99 மட்டுமே. பத்து ஓடுகளை வரிசையாக அடுக்கினால் 10 மி.மீ. குறையும். சரியான அச்சின் அளவு, 100 ஐ 0.9 ஆல் வகுக்கக் கிடைக்கும் 111.1 மி.மீ. ஆகும். பரப்பளவில் மாற்றம் இன்னும் பெரிது. நீளம் 0.9 மடங்கானால் பரப்பளவு 0.81 மடங்காகிறது. 100 மி.மீ. சதுர ஓடுகள் 100 கொண்டு நிரப்பும் ஒரு சதுர மீட்டருக்கு, 90 மி.மீ. ஓடுகள் பரப்பளவுக் கணக்கின்படி ஏறத்தாழ 124 தேவைப்படும்.

மாறாமல் நிற்கும் கோணம்

எல்லாத் திசைகளிலும் சமமாகச் சுருங்கிய அறுகோண ஓட்டின் பக்கங்கள் குறைகின்றன. கோணங்களோ 120 பாகையாகவே இருக்கின்றன. சுருங்கிய ஓடு பழைய ஓட்டுக்கு வடிவொத்தது. ஆகவே பச்சையாக இருந்தபோது பொருந்திய ஓடுகள் சுட்டபின்னும் தமக்குள் பொருந்துகின்றன. பச்சை ஓட்டோடு சுட்ட ஓடுதான் பொருந்தாது. தரைபாவுமை ஓட்டின் அளவைச் சார்ந்தது அன்று, வடிவத்தைச் சார்ந்தது என்பதை இச்சோதனை கையில் காட்டுகிறது.

களிமண்ணை ஒரே திசையில் மட்டும் உருட்டித் தட்டையாக்கினால், சில வேளைகளில் ஒரு திசையில் சுருக்கம் கூடுதலாக இருக்கும். அப்போது ஒழுங்கு அறுகோணம் சற்றே நீண்ட அறுகோணமாகிவிடும். எல்லா ஓடுகளையும் வெட்டிய அதே திசையில் வைத்து அடுக்கினால் அவை இன்னும் இடைவெளியின்றிப் பொருந்தும். ஓர் ஓட்டை 60 பாகை சுழற்றி வைத்தால் பொருந்தாது. நகர்த்தல் சமச்சீர் எஞ்சி, 60 பாகைச் சுழற்சிச் சமச்சீர் மறைந்துவிட்டது என்பதே இதன் பொருள். பிழையாகத் தோன்றும் ஓடு இவ்வாறு பாடப்பொருளாகிறது.

உண்மையான ஓடுகளில் சிறு அளவு வேறுபாடுகள் தவிர்க்க முடியாதவை. அவற்றை ஈடுசெய்யவே ஓடு பதிப்போர் இடையில் சிறு சந்து விட்டுச் சாந்தால் நிரப்புகின்றனர். கணித ஓட்டுக்கும் களிமண் ஓட்டுக்கும் உள்ள வேறுபாடு அச்சந்தின் அகலமே எனலாம்.

ஆத்தங்குடி ஓடுகளுடன் ஒப்பீடு

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் தரை ஓடுகள் செட்டிநாட்டு வீடுகளில் புகழ் பெற்றவை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டமும் வடிவ அச்சும் வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையை அறைதோறும் ஊற்றுகின்றனர். பின் மணலும் சிமெண்டும் இட்டு, உலர்த்தி, நீரில் ஊறவைக்கின்றனர். இவ்வோடுகள் சூளையில் சுடப்படுவதில்லை. ஆகவே சூளைச் சுருக்கம் இல்லை.

சதுர ஆத்தங்குடி ஓட்டின் வெளிவடிவம் தளத்தை நிரப்புவது வெளிப்படை. இங்கு கவனிக்க வேண்டியது ஓட்டின் மேலுள்ள சித்திரம். ஓர் ஓட்டின் மூலையில் பூவின் கால்பகுதி மட்டும் இருப்பின், நான்கு ஓடுகளை 90 பாகை வீதம் சுழற்றி வைக்கும்போது முழுப்பூ உருவாகிறது. ஒரே ஓட்டைச் சுழற்றாமல் நகர்த்தி மட்டும் அடுக்கினால் வேறொரு கோலம் கிடைக்கும். மாணவர்கள் சதுரத் தாள்களில் இதனைச் செய்து பார்க்கலாம்.

பொதுவான தவறுகள்

- பக்கங்கள் சமமாக இருந்தாலே வடிவம் பொருந்தும் எனக் கருதுதல். ஒழுங்கு ஐங்கோணம் இதற்கு மறுப்பு.
- ஒழுங்கு பல்கோணங்கள் மட்டுமே தளத்தை நிரப்பும் எனக் கருதுதல். எல்லா முக்கோணங்களும் எல்லா நாற்கரங்களும் நிரப்பும்.
- தாளின் ஒரு பகுதி நிரம்பியதும் நிறுவிவிட்டதாகக் கருதுதல்.
- சிறு இடைவெளியை வெட்டுப்பிழை எனத் தள்ளிவிடுதல். ஒழுங்கு எழுகோணத்தின் உட்கோணம் ஏறத்தாழ 128.6 பாகை, மூன்றை நெருக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது வெட்டுப்பிழை அன்று.

இவற்றைத் தவிர்க்க, வடிவத்தை வெட்டுவதற்கு முன்பே "பொருந்துமா, ஏன்?" என்று எழுதச் செய்து, வெட்டி அடுக்கிய பின் எழுதியதோடு ஒப்பிடச் செய்வது பயன் தரும்.

மாணவரும் பங்குகொள்ளத்தக்க துறை

ஒழுங்கு ஐங்கோணம் தளத்தை நிரப்பாவிடினும் வேறு பல குவிவு ஐங்கோணங்கள் நிரப்புகின்றன. 1918 இல் கார்ல் இரைன்கார்ட் ஐந்து வகைகளைக் கண்டறிந்தார். 1968 இல் இரிச்சர்டு கெர்சினர் மேலும் மூன்றைச் சேர்த்தார். 1975 இல் மார்ட்டின் கார்ட்னர் ஒரு மாத இதழில் இதுபற்றி எழுதியதைப் படித்த இரிச்சர்டு சேம்சு ஒன்பதாவது வகையைக் கண்டார். அமெரிக்க இல்லத்தரசியான மார்சரி இரைசு, பள்ளிக் கணிதம் மட்டுமே கற்றவர். அதே கட்டுரையால் தூண்டப்பட்டு, தாமே வகுத்துக்கொண்ட குறியீடுகளைக் கொண்டு 1976, 1977 ஆம் ஆண்டுகளில் புதிதாக நான்கு வகைகளைக் கண்டறிந்தார். 14 ஆவது வகை 1985 இலும் 15 ஆவது 2015 இலும் கண்டறியப்பட்டன. இவற்றுக்கு மேல் வேறு வகை இல்லை என்பதற்கான நிறுவலை மைக்கேல் இராவ் 2017 இல் வெளியிட்டார்.

திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இன்றி மட்டுமே தளத்தை நிரப்பக்கூடிய ஒற்றை ஓடு உண்டா என்பது நீண்டகால வினாவாக இருந்தது. 1970களில் இராசர் பென்ரோசு இரண்டு ஓடுகளால் இதனைச் செய்து காட்டினார். ஓர் ஓடு போதும் என்பது 2023 இல் தெரியவந்தது. தொப்பி எனப் பெயரிடப்பட்ட அவ்வடிவத்தை முதலில் கண்டவர் தேவிட்டு சிமித்து. இவர் ஓய்வுபெற்ற அச்சுத்தொழில் பணியாளர். அட்டைகளை வெட்டி அடுக்கிப் பார்ப்பது இவருடைய பொழுதுபோக்கு. பின்னர் மூன்று ஆய்வாளர்களுடன் இணைந்து அதற்கான நிறுவலை வெளியிட்டார். அட்டையும் கத்தரியும் கொண்டு வகுப்பறையில் செய்யும் பயிற்சியும் இவர் செய்த வேலையும் தொடக்கத்தில் ஒன்றே.